பின் அறைக்கு முந்நூறு வாட்

அக்கரை வீடு
ஜனவரி 18

அன்புள்ள கடுகு,

நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வேலைத்தளத்தில் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றே காலம் தள்ளுகிறாயா?

இரண்டு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் முழித்திருப்பாய். விவாகரத்துக்குப் பிறகு சட்டப்படி நான் உனக்கு அண்ணி இல்லை. வேறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பழையபடியே கூப்பிடு. ஒரே ஒரு நிபந்தனை. உன் அண்ணனைப் பற்றி நீ எழுதக் கூடாது, நானும் கேட்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நகரத்து மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, அணைக்கட்டு ஏரியின் மறுகரையில் மூன்று அறை உள்ள ஒரு வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே ஆடு மாடு வளர்ப்பவர்கள் நிறைய. கால்நடை டாக்டர் என்று நான் ஒருத்திதான். இந்த ஏரித் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள். கம்பியெல்லாம் எதிர்க்கரையோடு போய்விடுகிறது. இந்தப் பக்கம் வருமா என்று மின்வாரியத்தில் கேட்டேன். "வரும்போது சொல்றோம் டாக்டர்" என்றார்கள். அந்தக் குரலிலேயே வராது என்று தெரிந்துவிட்டது.

ஐஸ் பெட்டியில் வைத்த தடுப்பூசி மருந்து போன மாதம் மொத்தமாகக் கெட்டுப்போனது. எனக்கு ஒரு ஃபிரிட்ஜ் ஓட வேண்டும், விளக்கு எரிய வேண்டும். நீ இதைத் தொழிலாகவே செய்கிறவள். எத்தனை சோலார் பேனல் வாங்க வேண்டும் என்று எழுது.

இங்கே சிக்னல் கிடையாது. படகில் எதிர்க்கரை போனால் உண்டு. ஆனால் போனில் நீ அழுவாய், நான் அதட்டுவேன். எழுதினால் இரண்டு பேரும் கொஞ்சம் யோசிப்போம். தபால் படகுக்காரர் கையில் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


வேலைத்தளம்
பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சௌக்கியம் என்று உங்கள் கையால் படித்ததே போதும். முழங்காலுக்கு மாட்டுக்குப் போடும் மருந்தை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம். போட்டுக்கொள்வீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். நிபந்தனைக்குச் சம்மதம்.

ஆனால் நீங்கள் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை பேனல் என்பது கடைசியில் வரும். முதலில் நீங்கள் எப்படி வாழப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு அறையாக நடந்து பாருங்கள். எதைப் போடுவீர்கள், எவ்வளவு நேரம் போடுவீர்கள் என்று எழுதுங்கள். ஆட்கள் பொய் சொல்வது இரண்டு பேரிடம்: டாக்டரிடமும் என்னிடமும். "நாங்க டிவியே பாக்க மாட்டோம்" என்பார்கள். மூன்றாம் வாரம் பேட்டரி செத்துப்போச்சு என்று போன் வரும். உங்கள் நோயாளிகளாவது பொய் சொல்வதில்லை, கொடுத்துவைத்தவர்.

இன்னும் இரண்டு விஷயம். கூரை மேல் நிழல் எங்கிருந்து எப்போது விழுகிறது, எந்த மாதம் வானம் அதிகம் மூடியிருக்கும். நல்ல வெயில் மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மழை மாதத்தில் இருட்டில் உட்கார வேண்டும். மோசமான மாதத்தைத்தான் அளவாக எடுக்க வேண்டும்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கொள்கலப் பெட்டியில் ஜன்னல் வெட்டி என்னைக் குடிவைத்திருக்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டின வரை பேனல்தான். வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள்.

உங்கள்,
கடுகு


அக்கரை வீடு
பிப்ரவரி 20

அன்புள்ள கடுகு,

சுகமாக இருக்கிறேன். மாட்டு மருந்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

நீ சொன்னபடி நடந்து பார்த்தேன். முன் அறையில் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. மாடு கன்று ஈனும் காலத்தில் எந்த நேரமும் கதவைத் தட்டுவார்கள் என்பதால் வாசல் விளக்கு ராத்திரி கொஞ்சம் கூடுதலாக எரியும். சமையலறையில் விளக்கு மட்டும்; அடுப்புக்கு கேஸ் இருக்கிறது. மருந்து ஃபிரிட்ஜ் சின்னதுதான், ஆனால் நிற்கவே கூடாது. லேப்டாப் சாயங்காலத்தில். ஏரியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற அரை ஹெச்.பி. மோட்டார், தினம் ஒரு மணி நேரம். இஸ்திரிப் பெட்டியைப் பட்டியலிலிருந்து நானே அடித்துவிட்டேன். என் சட்டைச் சுருக்கத்தைப் பற்றி ஆடுகள் இதுவரை புகார் சொன்னதில்லை.

பின் அறை காலி. கிழக்கே ஒரு பெரிய ஜன்னல், திறந்தால் ஏரி. அங்கே எதுவும் வேண்டாம்.

மேற்கே ஒரு பெரிய மரம். மதியத்துக்கு மேல் அதன் நிழல் கூரையில் பாதியைப் பிடித்துக்கொள்கிறது. வெட்டச் சொல்லாதே, வெட்ட மாட்டேன். மழை மாதம் ஜூலை, ஆகஸ்ட். அப்போது ஏரியும் வானமும் ஒரே நிறம் என்கிறார் படகுக்காரர்.

அத்தை எப்படி இருக்கிறார்? உன் அம்மாவைப் பற்றிக் கேட்பது உன் அண்ணனைப் பற்றிக் கேட்டதாகாது என்று நினைக்கிறேன்.

பிஸ்கட்டைக் குறை.

அண்ணி


வேலைத்தளம்
மார்ச் 12

அன்புள்ள அண்ணி,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்; லீவு போட்டு ஊருக்குப் போய் வந்தேன்.

நீங்கள் எழுதியதைக் கூட்டினால் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட். வயரிலும் இன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் போகிற வழியில் சிந்துவதைச் சேர்த்தால் இரண்டு. மழை மாதத்தில் நாள் முழுக்க வெளிச்சம் இருந்தாலும், உருப்படியான வெயில் மூன்று மணி நேரத்துக்குச் சமமாகத்தான் கிடைக்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் மட்டும் மூன்று மடங்கு இழுக்கும். அதைத் தாங்குகிற இன்வெர்ட்டர் வேண்டும். வெயிலே இல்லாத இரண்டு நாளைப் பேட்டரி தாங்க வேண்டும்.

என் திட்டம் இதுதான். முந்நூற்றைம்பது வாட் பேனல் ஆறு. பேட்டரி பன்னிரண்டு யூனிட் பிடிக்கிறதாக. பின் அறைக்கு இரவு முழுக்க முந்நூறு வாட் மின்சாரம் இழுக்கிறதாக ஒரு லோடு சேர்த்திருக்கிறேன். பின்னால் தேவைப்படலாம். முதலிலேயே போட்டுவிட்டால் பிறகு பிரித்து மேய வேண்டியதில்லை.

அம்மா இருக்கிறாள். நீங்கள் கேட்டதைச் சொன்னேன்.

வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். யோசித்து எழுதுங்கள், அவசரமில்லை.

கடுகு


அக்கரை வீடு
மார்ச் 27

கடுகுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

எனக்கும் பெருக்கல் வகுத்தல் தெரியும். ஆட்டைக் கண்ணால் பார்த்தே எடையைச் சொல்லி மருந்தை அளக்கிறவள் நான். நாளைக்கு இரண்டு யூனிட், மூன்று மணி நேர வெயில் என்றால் எனக்கு வேண்டியது இரண்டு பேனல். நீ ஆறு என்கிறாய். ஆட்டுக்குட்டிக்கு எருமை மாட்டு டோஸ்.

பின் அறையில் எதுவும் வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தேன். ராத்திரி முழுக்க ஏதாவது ஓடினால்தான் தூக்கம் வரும் என்கிற ஒரே ஒரு ஆளை எனக்குத் தெரியும். பதினொரு வருஷம் அந்த ஏசிக் குளிரில் போர்வையை இழுத்து இழுத்துத் தூங்கியிருக்கிறேன். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடுவில் கம்பி இழுத்து ஒட்டவைக்கலாம் என்று பார்க்கிறாயா? அந்த வேலைக்கு நான் உன்னைக் கூப்பிடவில்லை.

அத்தையைப் பற்றிக் கேட்டதற்கு "இருக்கிறாள்" என்று எழுதுகிறாய். நாற்காலியும்தான் இருக்கிறது. உனக்கும் எனக்கும் நடுவில் இப்படி ஒற்றை வார்த்தைப் பதில் எப்போதிலிருந்து?

அந்த வரியை அடித்துவிட்டுத் திட்டத்தைத் திருப்பி அனுப்பு. முடியாதென்றால் எதிர்க்கரைக் கடைக்காரரிடம் வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி


அக்கரை வீடு
மே 9

அன்புள்ள கடுகு,

ஏப்ரல் முழுக்கப் படகு வரும்போதெல்லாம் துறைக்குப் போய் நின்றேன். படகுக்காரர் இப்போது தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுகிறார். நீ நன்றாக இருக்கிறாயா என்பதை மட்டுமாவது எழுது.

போன கடிதத்தில் என் கோபம் கூடிப்போனது. கடிதம் போட்டுவிட்டு அன்றைக்கு மத்தியானமே வருத்தப்பட்டேன். திரும்ப வாங்கலாமென்றால் படகு பாதி ஏரி போய்விட்டது.

கடைக்காரர் வந்து இரண்டு பேனலும் ஒரு பேட்டரியும் வைத்துக் கொடுத்தார். ஃபிரிட்ஜ் ஓடுகிறது. விளக்கு எரிகிறது. ஆனால் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. எத்தனை பேர், என்ன வேலை, நிழல் எங்கே என்று ஒன்றும் இல்லை. "ரெண்டு போதும்ல?" என்றார். போதும் என்றேன். நீ அத்தனை கேட்டது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

அத்தையை விசாரித்ததாகச் சொல். நிஜமாகவே விசாரிக்கிறேன்.

அண்ணி


வேலைத்தளம்
மே 30

அன்புள்ள அண்ணி,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உங்கள் இரண்டு கடிதத்தையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு நுரையீரல் இறுகிக்கொண்டு வருகிறது. போன வருஷமே கண்டுபிடித்தார்கள். அண்ணனைப் பற்றி எழுதக் கூடாது என்றீர்கள். அவனை எழுதாமல் அம்மாவை எழுத முடியவில்லை. அதனால்தான் "இருக்கிறாள்" என்று எழுதினேன். அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு வேலைக்காக வெளிநாடு போய்விட்டான். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறாள், நாலு பேர் இருக்கும் அறையில். எனக்கோ வருஷத்துக்கு மூன்று தளம், பெட்டிக்குள் வாசம். கூட வைத்துக்கொள்ள வழியில்லை.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற ஒரு மெஷின் உண்டு. அம்மாவுக்கு ராத்திரி முழுக்க அது ஓட வேண்டும். பகலில் மூச்சு வாங்கினால் கொஞ்ச நேரம். முந்நூறு வாட். அது போடுகிற சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அறையில் மற்றவர்கள் சொல்ல, மெஷினைத் தாழ்வாரத்தில் வைத்துக் குழாயைக் கதவிடுக்கு வழியாக விட்டார்கள். ஏப்ரலில் ஒருநாள் சாப்பாட்டு வண்டியின் சக்கரம் அந்தக் குழாய் மேல் நின்றுவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. அப்படித்தான் ஆஸ்பத்திரி. இப்போது தேறிவிட்டாள்.

உங்கள் முதல் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏரி வருகிற இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னாள். பிறகு, "அவகிட்ட கேக்காதே. கேட்டா அவளுக்கு முடியாதுன்னு சொல்ல வராது. அப்படி ஒருத்தி தலையில போய் நான் உக்காரக் கூடாது" என்றாள்.

நான் கேட்கவில்லை, அண்ணி. கணக்கில் மட்டும் சேர்த்தேன்.

கடுகு


அக்கரை வீடு
ஜூன் 14

அன்புள்ள கடுகு,

அத்தை தேறியது பெரிய ஆறுதல். உனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் யார் சாப்பாடு கொடுத்தார்கள் என்று நினைத்தபடியே இருந்தேன்.

உன் கடிதம் வந்த படகிலேயே பதில் போட்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் போடவில்லை. அழுதுகொண்டு எழுதுகிற பதிலில் நாள் கழித்துச் சிக்கல் வரும்.

அத்தையும் நானும் கொஞ்சிக் குலாவியவர்கள் இல்லை, உனக்கே தெரியும். உப்பு டப்பா எந்தப் பலகையில் இருக்க வேண்டும் என்பதில்கூட ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. ஆனால் நான் மேல்படிப்புப் பரீட்சை எழுதிய வருஷம், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளையெல்லாம் "உள்ள ஆள் படிக்கிறா, மெதுவா பேசுங்க" என்று வாசலிலேயே அடக்கியது யார்? உன் அண்ணன் இல்லை.

இதையெல்லாம் அத்தையிடம் மறைக்காமல் சொல். காலையில் போனால் நான் திரும்ப மதியத்துக்கு மேல் ஆகும். ஆஸ்பத்திரி எதிர்க்கரையில். காற்று பலமாக அடித்தால் படகு ஓடாது. பேச்சுத் துணைக்குப் படகுக்காரரின் மனைவியைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் காதில் விழ வேண்டுமானால் கத்த வேண்டும், அத்தைக்கு மூச்சு பத்தாது.

நீ எனக்குச் சொல்ல வேண்டியவை: நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன்? மெஷின் கிளம்பும்போது எவ்வளவு இழுக்கும்? நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாங்குவார்? கடைக்காரரின் இரண்டு பேனலை உன் ஆறில் இரண்டாக வைத்துக்கொள்ளலாமா, இல்லை தூக்கிப் போட வேண்டுமா? பின் அறை ஜன்னலைத் திறந்துவைத்தால் ஏரிக் காற்றின் ஈரம் அவருக்கு ஆகுமா? டாக்டரைக் கேட்டே எழுது.

இதற்குப் பதில் வரட்டும். மற்றதை அத்தை வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணி


முதியோர் இல்லம்
ஜூலை 2

அன்புள்ள அண்ணி,

அம்மாவின் அருகிலிருந்து எழுதுகிறேன். இரண்டு லிட்டர். கிளம்பும்போது இரு மடங்குக்கு மேல். டாக்டர் ஈரம் பரவாயில்லை, புகையும் தூசியும்தான் ஆகாது என்றார். போக்குவரத்து அவருக்குக் கவலைதான், ஆனால் இங்கே இருப்பதும் கவலைதான் என்றார். நின்றுபோனால் உட்கார்ந்தபடி ஒரு மணி நேரம் சமாளிப்பாள், அதற்கு மேல் கூடாது. பழைய பேனல் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், இன்னும் நாலு வாங்கினால் சரி. பேட்டரி மட்டும் புதிது. இனி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

"அம்மாடி, நல்லா இருக்கியா. நான் பேசுற அளவுக்கு நல்லா இருக்கேன். கடுகு என்னை ஒரு லோடுன்னு கணக்குல எழுதியிருக்காளாம். முந்நூறு வாட். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னை யாரும் இவ்வளவு சரியா எடை போட்டதில்ல. நான் வரேன்னு சொல்லல. உன் வீட்டுல கரண்டு நிக்காம இருக்குமான்னு முதல்ல பாரு. மழை மாசத்துல பாரு. நிக்கும்னா நிக்கும்னு சொல்லு, எனக்காகப் பூசி மெழுகாதே. அப்புறம் அந்த உப்பு டப்பா விஷயம். நீ சொன்ன பலகைதான் வசதி. அப்பவே தெரியும். சொல்லல."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்து, சிரித்ததில் இருமி, இப்போது தூங்குகிறாள்.

கடுகு


அக்கரை வீடு
ஆகஸ்ட் 21

அன்புள்ள அத்தைக்கும் கடுகுக்கும்,

இருவரும் சுகமென்று நினைக்கிறேன். இங்கே மழை. துணி எதுவும் காய்வதில்லை.

புது பேனல் நாலும் பேட்டரியும் வந்து, கடைக்காரர் கடுகின் வரைபடத்தைப் பார்த்துப் பொருத்தினார். அத்தை சொன்னபடி சோதித்துப் பார்த்தேன். படகுக்காரர் தன் ஜெனரேட்டரை வைத்திருக்கும் கிடங்கிலிருந்து நூறு வாட் குண்டு பல்பு மூன்றை வாங்கி வந்து பின் அறையில் மாட்டி, ஒவ்வொரு ராத்திரியும் விடியும் வரை எரியவிட்டேன். ஆளில்லாத அறையில் கல்யாண வீடு மாதிரி வெளிச்சம். எதிர்க்கரையில் மீன் பிடிக்கிறவர்கள், டாக்டர் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்தார்களாம்.

இரண்டு வாரம் நின்றது. மூன்றாம் வாரம் தொடர்ந்து நாலு நாள் வானம் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் எழுந்தால் வீடே செத்துக் கிடந்தது. பல்பு மூன்றும் கறுப்பு. ஃபிரிட்ஜும் நின்றிருந்தது. மருந்தை அள்ளிக்கொண்டு படகில் ஓடி ஐஸ் கம்பெனியில் கொடுத்துக் காப்பாற்றினேன்.

பூசி மெழுக வேண்டாம் என்றீர்கள், அத்தை. நிற்கவில்லை. அந்த அறையில் நீங்கள் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மூன்று பல்புகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். கடுகு, இதை வைத்துக்கொண்டு நான் அவரை வரச் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்ன செய்யலாம் என்று நீ சொல்.

அண்ணி


வேலைத்தளம்
செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணி,

நலம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மா, "பாத்தியா, நிக்கலன்னு எழுதியிருக்கா. இனிமே அவ நிக்கும்னு சொன்னா நான் நம்புவேன்" என்றாள்.

தப்பு என்னுடையது. மரத்து நிழலைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். ஒரு பேனலில் பாதிக்கு நிழல் விழுந்தாலும் அதோடு கோத்த மற்றதெல்லாம் சேர்ந்து சுணங்கும். நாலு பேனலைக் கூரையிலிருந்து இறக்கி ஏரிக்கரை மேட்டில் நிறுத்துவோம், மரம் அங்கே எட்டாது. ஆனால் அது மட்டும் போதாது. எத்தனை பெரிதாகப் போட்டாலும் அதைவிடப் பெரிய மழை ஒன்று வரும். அதனால் ஒரு ராத்திரியைத் தாங்குகிற ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். படகுக்காரரிடம் ஜெனரேட்டர் உண்டு என்றீர்களே, மூன்றாம் நாளே அதைக் கொண்டுவந்து பேட்டரியை ஏற்றிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பேட்டரி இறங்க இறங்க எது முதலில் தானாக அணைய வேண்டும் என்று ஒரு வரிசை வைக்கலாம். மோட்டார், விளக்கு, ஃபிரிட்ஜ், மெஷின். இந்த வரிசையை நான் சொல்லக் கூடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரியென்றால் அக்டோபரில் ஒரு மாத லீவில் வந்து நானே வயரிங் செய்கிறேன். அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருவேன். அண்ணனிடம் சொன்னேன். "அவ ஒத்துக்கிட்டாளா?" என்று இரண்டு தடவை கேட்டான். வேறெதுவும் பேசவில்லை. இந்த ஒரு வரியை மன்னித்துவிடுங்கள்.

கடுகு


அக்கரை வீடு
செப்டம்பர் 19

அன்புள்ள கடுகு,

சுகம். ஒரு வரிதானே, போகட்டும்.

முதலில் மோட்டார். பிறகு விளக்கு. பிறகு ஃபிரிட்ஜ். மெஷின் கடைசி வரை அணையக் கூடாது.

பின் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. படகு ஆடாமல் வரக் காலைதான் நல்லது. காலைப் படகிலேயே வாருங்கள்.

அண்ணி


அக்கரை வீடு
நவம்பர் 26

அன்புள்ள கடுகு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. இருவரும் சுகம். அத்தை ஜன்னலோரம்தான் நாள் முழுக்க. எந்தப் படகில் யார் வருகிறார், யார் போகிறார் என்று இந்த ஊர் நிலவரம் இப்போது என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். போன வாரம் பருவம் தப்பி மூன்று நாள் மூடிக்கொண்டு மழை. ஏரி கொந்தளித்ததில் படகுக்காரர் எதிர்க்கரையிலேயே மாட்டிக்கொண்டார், ஜெனரேட்டரும் அவரோடு. அவர் மனைவியும் அன்றைக்கு வரவில்லை. மேய்ச்சல் பக்கம் ஒரு மாட்டுக்கு வயிறு உப்பிப்போய் என்னைக் கூப்பிட, "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன், மூச்சு வாங்கினா மெஷினைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். மாடு பிழைத்தது. நான் திரும்ப மத்தியானம் ஆகிவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சத்தமே இல்லை. மெஷின் ஓடுகிற வீட்டில் அந்த உறுமல் காதில் விழுந்துகொண்டே இருக்கும், இல்லாதபோதுதான் தெரிகிறது. பின் அறையில் அத்தை கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மெஷின் அணைந்திருந்தது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

நீ வைத்த வரிசைப்படி மோட்டாருக்கும் விளக்குக்கும் பிறகு ஃபிரிட்ஜ் அணைந்திருக்கிறது. உடனே அதன் எச்சரிக்கை மணி கத்த ஆரம்பித்திருக்கிறது. அத்தை சுவரைப் பிடித்து நடந்து போய், ஃபிரிட்ஜைத் திரும்பப் போட்டுவிட்டுத் தன் மெஷினை அணைத்துவிட்டார்.

சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டினேன். நிறம் திரும்புகிற வரை நாடியைப் பிடித்தபடி இருந்தேன். பிறகு கேட்டேன்.

"யார் அணைச்சது?"

"நான்தான். உன் பெட்டி கத்திக்கிட்டே இருந்துது. அதுல முந்நூறு ஆட்டுக்கு மருந்து இருக்குன்னு நேத்து நீதான் சொன்னே. இங்க நான் ஒருத்தி. நீயே கணக்குப் பாரு."

ஃபிரிட்ஜைத் திறந்து மருந்து முழுவதையும் எடுத்து அவர் எதிரிலேயே ஐஸ் பெட்டியில் வைத்து மூடினேன்.

"இது கெட்டா படகுல போய் வேற வாங்கிப்பேன் அத்தை."

"மாமியாரும்தான் கிடைப்பா. ஊர்ல இல்லாத மாமியாரா."

"கிடைப்பாங்க. எனக்கு வேண்டாம்."

அத்தை மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். "சத்தம் போட்டுத் திட்டிடு" என்றார். "உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டா உனக்கும் நுரையீரல் கெட்டுப்போயிடும்." அதற்கப்புறம்தான் திட்டினேன். பதினொரு வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் நடுநடுவே தலையாட்டிக்கொண்டே கேட்டார். சாயங்காலம் மேகம் கிழிந்து கொஞ்சம் வெயில் வந்தது. மறுநாள் படகும் ஜெனரேட்டரும் வந்தன.

மருந்தை இனி எதிர்க்கரை ஐஸ் கம்பெனியிலேயே வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டேன். தேவைப்படும் நாளில் படகில் போய் எடுத்துக்கொள்வேன். கொஞ்சம் அலைச்சல்தான். ஃபிரிட்ஜில் இப்போது பாலும் காய்கறியும் இருக்கின்றன. அது நின்றால் யாரும் வருத்தப்படப் போவதில்லை.

பேட்டரியின் அளவு காட்டும் கருவியைப் பார்க்க அத்தைக்குச் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுத்தது தப்போ என்று தோன்றுகிறது. காலையில் கண் விழித்ததும் அதைப் பார்த்து, இன்றைக்கு மோட்டார் போடலாமா, லேப்டாப்பை எப்போது சார்ஜில் போடுவது, வாசல் விளக்கு யாருக்காக எரிகிறது என்றெல்லாம் உத்தரவு வருகிறது. நேற்று நான் படித்துக்கொண்டிருக்கும்போதே, "பகல் வெளிச்சம் போதும்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

இந்த வீட்டில் எதைப் போடுவது, எதை அணைப்பது என்று இப்போது அத்தைதான் சொல்கிறார். மெஷினைத் தவிர. அதன் சுவிட்சுக்கு மேல் ஒரு பெட்டி அடித்திருக்கிறேன்; வெளியே போகும்போது மெஷினைப் போட்டுவிட்டுப் பூட்டிவிடுகிறேன். சாவி என்னிடம்.

அண்ணி